வென்ற பக்கத்து வாக்கு

ஆர்டிஸ் ஸெல்லர் "ஆம்" என்று சொன்னார். அடுத்த நொடி முதல் நாற்காலி பறந்து வந்தது.

இரும்பு மடக்கு நாற்காலி. கெஸ்லர் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஆர்டிஸின் தலையைக் குறிவைத்து யாரோ எறிந்தது. குறி தவறி, வெல்டன் ஊர்க்காரர் ஒருவரின் காதைக் கிழித்தது. அவர் மகன் எழுந்து, கைக்கு எட்டிய முதல் கெஸ்லர்க்காரரின் மூக்கில் குத்தினான். அப்புறம் அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்த இருநூறு பேரில் பாதிப்பேர் மறுபாதியின் மேல் விழுந்தார்கள். கூடைப்பந்துக் கோட்டின் மேல் ரத்தம் சிந்தி, அதில் கால் வழுக்கி விழுந்தவர்களை மற்றவர்கள் மிதித்தார்கள். துணை ஷெரிஃப் கிளின்ட் ஓர்த் ஒற்றை ஆள். கூட்டத்தின் மேல் பெப்பர் ஸ்ப்ரே அடித்தார். அந்தக் கூடத்தில் காற்றை இழுக்கும் துவாரம் பள்ளிக் குழு உட்காரும் எங்கள் மேசைக்குப் பின்னால் இருக்கிறது. அடித்ததெல்லாம் நேராக எங்கள் கண்ணுக்கு வந்தது.

கண்ணீர் வழிய நான் பதிவேட்டில் எழுதினேன்: ஸெல்லர், ஆம். நான்கு ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. கெஸ்லர் உயர்நிலைப் பள்ளியை மூடும் தீர்மானம் நிறைவேறியது.

எழுதி முடித்த பிறகுதான் ஆர்டிஸ் என்ன செய்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். கெஸ்லர்க்காரர்கள் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பெயர் கோர்டெல் ஷாட்ஸ். கோர்டி என்பார்கள். இருபது வருடம் கதிரறுக்கும் எந்திரங்களைப் பழுதுபார்த்தேன். முதுகு போனபின், பதினோரு வருடமாக எங்கள் பள்ளிக் குழுவுக்குச் செயலர். விதிகள் என்றால் எல்லோரும் கொட்டாவி விடுகிறார்கள். நான் விதிப்புத்தகத்தையும் எந்திரத்தின் கையேடு மாதிரிதான் படிப்பேன். எந்தப் பல் எந்தச் சக்கரத்தைத் தள்ளுகிறது என்று தெரிந்தால் தெற்கு டகோட்டாவில் எந்தக் கூட்டத்திலும் தூக்கம் வராது.

எங்கள் குழுவில் ஏழு பேர். நான்கு பேர் வெல்டன் ஊர், மூன்று பேர் கெஸ்லர். இரண்டு ஊருக்கும் நடுவே முப்பத்தெட்டு மைல் திறந்த புல்வெளி. கெஸ்லர் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பஸ்ஸில் வெல்டனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது தலைவர் வேட் கோல்பர்னின் திட்டம். பனிப்புயலில் அந்தச் சாலையை ஓட்டிய எவரும் அதை ஏற்கமாட்டார்கள். வெல்டன்காரர்களிலேயே பிரென்ட் லோக்கன் என்ற இளம் விவசாயி, பள்ளியை மூடக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஆக, ஏழு பேரும் இருந்தால் மூன்றுக்கு நான்கு; பள்ளி தப்பும்.

அன்று ஏழு பேர் இல்லை. பிரென்டின் மனைவி பிரசவச் சிக்கலில் நகரத்து மருத்துவமனையில் இருந்தார், பிரென்டும் அங்கே. கெஸ்லரின் வெர்ன் டக்கருக்குப் பித்தப்பை அறுவை. வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லி கெஸ்லர் உறுப்பினரான ஆர்டிஸ் கேட்டார். தள்ளிவைப்பதற்கும் வாக்கு வேண்டுமே. மூன்றுக்கு இரண்டில் தோற்றார். உடனே வேட் மூடும் தீர்மானத்தை எடுத்தார்.

வாக்கைப் பெயர் வரிசைப்படி நான் கூப்பிடுவேன். ஸெல்லர் எப்போதும் கடைசி. அவர் முறை வந்தபோது மூன்று ஆம், ஒன்று இல்லை. அதாவது, முடிந்துவிட்டது. அவர் இல்லை என்று சொன்னாலும் பள்ளி மூடப்படும்.

இங்கேதான் எந்திரத்தின் ஒரு சின்னப் பல் இருக்கிறது. நிறைவேறிய தீர்மானத்தை மறுபடி எடுத்து வாக்கெடுக்கலாம்; அதற்கு மறுபரிசீலனை என்று பெயர். அடுத்த வழக்கமான கூட்டத்துக்குள் கேட்க வேண்டும். ஆனால் அதைக் கேட்கும் உரிமை வென்ற பக்கம் வாக்களித்தவருக்கு மட்டுமே உண்டு. இல்லாவிட்டால் தோற்றவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே கிளப்புவார்கள். நியாயமான விதி. தோற்றுப்போன வாக்கை வைத்துக்கொண்டு ஆர்டிஸால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அதை வென்ற பக்கம் போட்டார். இரண்டு வாரம் கழித்து ஏழு பேரும் உட்காரும்போது அவர் அதை மறுபடி எடுப்பார்.

ஏன் அதை அங்கேயே சொல்லவில்லை என்றால், மறுபரிசீலனை ஒரு முறைதான். வேட்டுக்கு இது தெரிந்தால், இருபத்துநான்கு மணி நேர அறிவிப்பில் சிறப்புக் கூட்டம் கூட்டுவார். பிரென்டும் வெர்னும் மருத்துவமனையில் இருக்கும்போதே மறுபரிசீலனையைத் தானே கொண்டுவந்து தோற்கடித்துவிடுவார். அப்புறம் யாராலும் தொட முடியாது. கெஸ்லரில் ஒருவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது மாலைக்குள் வெல்டனுக்குத் தெரியும். ஆகவே பதினான்கு நாள் மௌனம்.

மறுநாள் காலையில் யாரோ ஆர்டிஸின் கால்நடை மருத்துவமனையின் ஜன்னல்களைத் துப்பாக்கியால் சுட்டு உடைத்தார்கள். உள்ளே கூண்டில் மயக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த ஒரு நாய் செத்தது. நான் பலகை அடிக்க உதவிக்குப் போனேன். ஆர்டிஸ் அறுபதை நெருங்கியவர், ஒல்லி. இந்தப் பக்கத்து மாடுகளில் பாதி அவர் கையால் பிறந்தவை. ஆணியை வாயில் கவ்விக்கொண்டே பேசினார்.

"உனக்குப் புரிஞ்சிருச்சுல்ல?"

"எது?"

"நடிக்காத கோர்டி."

"எனக்கு எதுவும் புரியல டாக்டரம்மா. நான் வெறும் செயலர்."

"ரொம்ப நல்லது. பதிமூணு நாளைக்கு அப்படியே புரியாம இரு."

வெள்ளிக்கிழமை லோரன் ஃபைஃப்லி என் அலுவலகத்துக்கு வந்தார். கெஸ்லரில் மாட்டுப் பண்ணை. மகள் டெஸ்ஸா அந்தப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. நானும் லோரனும் ஒன்றாகப் படித்தவர்கள். கதவைப் பூட்டிவிட்டு என் எதிரில் நின்றார்.

"வெல்டன்காரன் எவ்வளவு குடுத்தான் அவளுக்கு?"

"யாரும் எதுவும் குடுக்கல."

"அப்ப ஏன்டா ஆமான்னு சொன்னா? என் கண்ணு முன்னாடி சொன்னாளேடா!"

"பதிவுல என்ன இருக்கோ அதான் லோரன். காரணமெல்லாம் நாங்க எழுதறதில்ல."

"நான் உன்கிட்ட பதிவக் கேக்கல."

என் சட்டையைப் பிடித்து நகலெடுக்கும் எந்திரத்தின் மேல் சாய்த்தார். முழங்கையை என் கழுத்தில் வைத்து அழுத்தினார். மூச்சு நின்றது. எந்திரத்தின் கண்ணாடி முதுகுக்கடியில் உடைந்தது. "தெரியும் உனக்கு. மூஞ்சிலயே தெரியுது. சொல்லு."

மூன்று வார்த்தை போதும். 'அது தந்திரம், பொறு.' சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பார். அதையும் நினைத்தேன், அன்று மாலையே கெஸ்லர் மதுக்கடையில் லோரன் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பதையும் நினைத்தேன். நான் தலையை ஆட்டினேன். அவர் என் வயிற்றில் ஒரு குத்து விட்டுப் போய்விட்டார். தரையில் கிடந்தபடி எனக்கு வலியோடு ஒரு பெருமையும் இருந்தது. காட்டிக்கொடுக்கவில்லை என்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு லோரன் ஆர்டிஸுக்குப் போன் செய்தார். முதல் ஈற்றுக் கிடாரி, கன்று குறுக்கே மாட்டியிருக்கிறது, உடனே வாங்க என்றார். மார்ச் மாதம் எங்கள் பக்கம் முழுக்கக் கன்று ஈனும் காலம். இப்படி ஒரு போன் வந்தால் கால்நடை மருத்துவர் யார் வீடு என்று பார்ப்பதில்லை. ஆர்டிஸ் போனார்.

பின்னால் நீதிமன்றத்தில் வந்தது இது. கொட்டகைக்குள் நுழைந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாடு கூடப் படுத்திருக்கவில்லை. எல்லாம் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. திரும்பினார். கதவை லோரனின் மச்சான்கள் இரண்டு பேர் மூடினார்கள்.

கன்றை இழுக்கப் பயன்படுத்தும் சங்கிலி, இரண்டு முனையிலும் இரும்புக் கைப்பிடி உள்ளது. லோரன் அதை மடித்துப் பிடித்து வீசினார். முதல் அடி தோளில். இரண்டாவது அடியில் கைப்பிடி தாடையில் இறங்கியது. தாடை இரண்டு இடத்தில் முறிந்து நான்கு பற்கள் போயின. கீழே விழுந்தவரை மச்சான்கள் பூட்ஸால் உதைத்தார்கள். மூன்று விலா எலும்பு. வலது கையைத் தரையில் ஊன்றி எழப்பார்த்தபோது ஒருவன் அதை மிதித்துத் திருகினான்.

"எங்க பிள்ளைங்கள வித்துட்டியேடி" என்று லோரன் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை.

ஆர்டிஸ் உண்மையைச் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் சங்கிலி நின்றிருக்கும். ரத்தத்தைத் துப்பிக்கொண்டு சாணியில் கிடந்தார். அவர்கள் போன பிறகு ஊர்ந்துபோய் வண்டியில் ஏறி, இடது கையாலேயே பத்தொன்பது மைல் ஓட்டினார். மருத்துவமனை வாசலில் வண்டி பூத்தொட்டியில் மோதி நின்றது.

நான் வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். முகம் ஒரு பக்கம் கறுத்து வீங்கியிருந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டியிருந்தார்கள். மடியில் ஒரு சிலேட்டுப் பலகை. துணை ஷெரிஃப் கிளின்ட் அப்போதுதான் வெளியே போனார், சலித்துப்போய். யார் அடித்தது என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார். ஆர்டிஸ் எழுதிக் காட்டியது ஒன்றுதான்: திங்கட்கிழமை சொல்கிறேன்.

"இது போதும் டாக்டரம்மா" என்றேன். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். செத்துப்போயிருப்பீங்க."

இடது கையால் கோணல்மாணலாக எழுதினார். 'அடிச்சது ஏன்னு கிளின்ட் கேப்பான். அதைச் சொன்னா வேட்டுக்குத் தெரியும். திங்கள் வரை வாய மூடு.' அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'என் வாயே மூடிக் கிடக்கு. உனக்கென்ன கஷ்டம்?'

கம்பிக்குப் பின்னால் அவர் சிரிக்க முயன்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது, வலியில்.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. இந்த முறை வாசலில் நான்கு காவலர்கள். நாற்காலிகளைச் சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார்கள். பிரென்ட் வந்திருந்தார், தூங்கி நாளான முகத்தோடு, குழந்தை பிழைத்துவிட்டது. வெர்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஆர்டிஸ் உள்ளே நுழைந்தார். இருநூறு பேர் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சத்தம் அடங்கியது. கெஸ்லர் பக்கத்தில் யாரோ "நல்லா வேணும்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். லோரன் நான்காம் வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தக் கூட்டமும் முந்தைய கூட்டத்தின் பதிவை ஏற்பதில்தான் தொடங்கும். வேட் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். இனி அந்த "ஸெல்லர், ஆம்" என்பதை யாரும் மறுக்க முடியாது.

"புதுசா ஏதும் தீர்மானம் உண்டா?" என்று வேட் கேட்டார். வழக்கமாக யாரும் பதில் சொல்லாத கேள்வி.

ஆர்டிஸ் ஒரு தாளை மேசை மேல் என் பக்கம் தள்ளினார். எழுத்து மூலம் வந்த தீர்மானத்தைச் செயலர் உரக்கப் படிக்க வேண்டும். படித்தேன்: "கெஸ்லர் பள்ளியை மூடும் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன்."

"வழிமொழிகிறேன்" என்றார் வெர்ன்.

வேட்டின் முகம் சிவந்தது. "இரு, இரு. இவங்க எப்படிக் கேக்க முடியும்? தோத்தவங்க கேக்கக் கூடாதுல்ல?"

"தோக்கலங்க தலைவரே" என்றேன். "ஆமான்னு வோட்டுப் போட்டு ஜெயிச்சாங்க. இப்பதான் நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

புரிதல் கூட்டத்தில் வரிசை வரிசையாகப் பரவியதைப் பார்த்தேன். முதலில் கெஸ்லரின் ஓர் ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். யாரோ அடக்கமாட்டாமல் "அடக் கடவுளே" என்றார். லோரன் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க எங்கோ போய்விட்டது.

மறுபரிசீலனைக்கு வாக்கெடுத்தேன். மூன்றுக்கு நான்கில் நிறைவேறியது. இதனால் பள்ளி தப்பிவிடவில்லை. பழைய தீர்மானம் வாக்கே எடுக்காதது போல மறுபடி மேசைக்கு வருகிறது, அவ்வளவுதான். இப்போது மூடலாமா என்று மறுபடி கேட்க வேண்டும். கேட்டேன். கோல்பர்ன், ஆம். ஹான்லி, ஆம். லோக்கன், இல்லை. வெல்டன் பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் வந்து பிரென்டின் நெற்றியில் பட்டது. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்க, அவர் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை "இல்லை" என்றார். மிக்கல்சன், இல்லை. டிராஸ்க், ஆம். டக்கர், இல்லை.

மூன்றுக்கு மூன்று. சமமாக நின்றால் தீர்மானம் தோற்கும். ஆக, ஆர்டிஸ் எதுவுமே செய்யாவிட்டாலும் பள்ளி தப்பும். அவர் ஆம் என்றால் மட்டுமே மூடப்படும்.

"ஸெல்லர்" என்றேன்.

அவர் நான்காம் வரிசையைப் பார்த்தார். போன முறை ஆம் சொல்ல அவருக்கு இருந்த காரணத்தைவிட இப்போது நல்ல காரணம் இருந்தது. அது லோரனுக்கும் தெரிந்தது. லோரன் எழுந்து நின்றுவிட்டார். "டாக்டரம்மா" என்றார். டெஸ்ஸா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, "என்னப்பா? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆர்டிஸ் இடது கையை எடுத்து, கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார்.

"ஸெல்லர், இல்லை" என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. கெஸ்லர் பக்கம் அவ்வளவு கூச்சல். கட்டிப்பிடித்து அழுதார்கள், தொப்பிகளை எறிந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஆர்டிஸ் எழுந்து, இன்னொரு தாளை கிளின்ட் ஓர்த்திடம் கொடுத்தார். அதில் மூன்று பெயர்.

மச்சான்கள் பக்கக் கதவுக்கு ஓடினார்கள். ஒருவனைக் காவலர் காலைத் தட்டி வீழ்த்தினார். முகம் கதவுக் கம்பியில் மோதி உதடு பிளந்தது. லோரன் ஓடவில்லை. கிளின்ட் கையைப் பற்றியதும் என்ன தோன்றியதோ, திரும்பி அவர் கன்னத்தில் ஓங்கிக் குத்தினார். இரண்டு காவலர்கள் அவரைத் தரையில் தள்ளி, தடியால் முதுகிலும் தொடையிலும் அடித்தார்கள். டெஸ்ஸா அலறினாள். பிணைத்திருந்த நாற்காலிகள் வரிசையோடு சாய்ந்து ஒரு கிழவரின் காலை நசுக்கின. வெல்டன்காரர்கள் அதைப் பார்த்துக் கைதட்ட, கைதட்டியவர்கள் மேல் கெஸ்லர்க்காரர்கள் பாய்ந்தார்கள். அன்று பதினேழு பேருக்குத் தையல் போட்டார்கள்.

விலங்கு மாட்டி இழுத்துப்போகும்போது லோரன் என் மேசைக்கு எதிரே காலை ஊன்றி நின்றார். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் ஓடியது.

"அன்னிக்கு உன் ஆபீசுக்கு வந்தேனே கோர்டி. உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நாம ஒண்ணாப் படிச்சவங்கடா" என்றார். இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வழக்கு ஜூலையில் வந்தது. என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். லோரன் தாக்கப்போகிற அளவுக்கு வெறியில் இருந்தது தெரிந்தும் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அவருடைய வக்கீல் கேட்டார். நல்ல கேள்வி என்று நினைத்தேன். வென்ற பக்கம் என்றால் என்ன, மறுபரிசீலனை ஏன் ஒரு முறைதான், சிறப்புக் கூட்டத்துக்கு எத்தனை மணி நேர அறிவிப்பு, இரண்டு பேர் இல்லாவிட்டால் கணக்கு எப்படி மாறும் என்று முதலிலிருந்து விளக்கினேன். கையால் சக்கரம் போட்டுக்கூடக் காட்டினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுது மிஸ்டர் ஷாட்ஸ். அந்த அம்மா அடி வாங்குவாங்கன்னு உங்களுக்குத் தோணுச்சா, இல்லையா?"

நான் மறுபடி விதியிலிருந்து தொடங்கினேன். கெஸ்லர் பள்ளியில் அறுபத்தொரு பிள்ளைகள் என்றேன், முப்பத்தெட்டு மைல் என்றேன், செயலர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்றேன். பார்வையாளர் வரிசையில் ஆர்டிஸ் எழுந்து நின்றார். கம்பியைப் பிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தாடை இன்னும் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் பல்லுக்கு நடுவே தள்ளித்தான் பேசினார்.

"போதும் கோர்டி. தோணுச்சுன்னு சொல்லிட்டு இறங்கு."

"தோணுச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.